பரிசல் ஓடாத நாள்

குழந்தைகளை வெளியூருக்கு அழைத்துச் செல்வதில் இரண்டு முறைகள் உண்டு. குழந்தையையும் ஒரு படுக்கைச் சுருளாக எண்ணி, நாம் பார்க்க விரும்பும் இடத்துக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போவது ஒரு முறை. குழந்தை எதைப் பார்த்து நிற்கிறதோ, அங்கே நாமும் நிற்பது மற்றொரு முறை. 68 வயது வரையில் எனக்கு முதல் முறைதான் தெரிந்திருந்தது. அதில் நான் தேர்ந்தவன் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். என் மகளுக்கு ஏழு வயது நடந்தபோது, ஒரே நாளில் இரண்டு கோட்டைகளையும் நான்கு கோயில்களையும் அவளுக்குக் காட்டி முடித்தவன் நான். அந்தப் பிரயாணத்தில் இன்று அவளுக்கு ஞாபகம் இருப்பது, ஒரு டீக்கடை வாசலில் குட்டி போட்டிருந்த வெள்ளாடு ஒன்றுதான்!

அந்த மகள் இப்போது ஜெர்மனியில் மூனிச் நகரில் குடித்தனம் செய்கிறாள். அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு பெண். ஆறு வயதில் ஒரு பையன். இரண்டு வருஷங்களுக்கு முன்பு அவர்கள் தருமபுரிக்கு வந்திருந்தபோது, பழைய முறையிலேயே காரியத்தை நடத்தினேன். காலையில் தீர்த்தமலை, பகலில் அதியமான்கோட்டை, சாயங்காலம் இன்னும் இரண்டு இடங்கள். பையனுக்கு இரவு ஜுரம் வந்துவிட்டது. பெண்ணை ஒரு பெயர்ப்பலகை முன் நிறுத்திப் படிக்கச் சொன்னேன். அவள் எழுத்துக் கூட்டித் திணறினாள். "தமிழ்ப் பெண்ணுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதா?" என்று நாலு பேர் எதிரில் கேட்டுவிட்டேன். அதன் பிறகு அவள் என்னோடு பேசியது மிகக் குறைவு. புறப்படுகிற அன்று தன் தாயிடம் ஜெர்மன் மொழியில் ஏதோ சொன்னாள். வற்புறுத்திக் கேட்ட பிறகுதான் மகள் அதைத் தமிழில் சொன்னாள்: "தாத்தா ஊரில் வெயிலும் காரும்தான் இருக்கின்றனவாம்."

வேடிக்கையாகச் சிரித்துவிட்டேன். ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

இந்த முறை ஆகஸ்டு மாத நடுவில் வருவதாக மகள் தொலைபேசியில் சொன்னாள். "மூன்று நாள்தான் இருப்போம், அப்பா. குழந்தைகளுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்றும் கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. "என்ன இருக்கிறதா? அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட தகடூர் அம்மா இது! ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த ஊர்!" என்று ஒரு சிறு பிரசங்கமே செய்துவிட்டேன். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது உங்களுக்கு அப்பா. ஆறு வயதுப் பையனுக்கு என்ன?" என்றாள்.

பிறகு ஐரோப்பிய நகரங்களில் தாங்கள் குழந்தைகளுடன் சுற்றிய விதத்தைச் சொன்னாள். பாரிஸ் நகரத்தில் லக்ஸம்பர்க் தோட்டம் என்று ஒன்று உண்டு. அதன் நடுவிலுள்ள குளத்தில் விடுவதற்குச் சின்னஞ்சிறு பாய்மரக் கப்பல்களை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். கூடவே நீளமாக ஒரு குச்சியும் தருகிறார்கள். கப்பல் கரைக்கு வந்தால் குச்சியால் தள்ளிவிட வேண்டியது, விளையாட்டு அவ்வளவுதான். "ஈபில் கோபுரத்தை அரை மணியில் பார்த்துவிட்டார்கள். அந்தக் குளத்தை விட்டுக் கிளப்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று" என்றாள். மூனிச் நகரிலேயே இஸார் ஆற்றின் நடுத் தீவில் டாய்ச்சஸ் மியூஸியம் என்னும் பிரம்மாண்டமான பொருட்காட்சிசாலை இருக்கிறது. அந்தத் தீவில் அது திறக்கப்பட்டது 1925-ல். அதில் குழந்தைகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். உள்ளே புகுந்து உட்காரும்படியான ராட்சஸ கித்தார் ஒன்றும், ஏறி விளையாடத் தீயணைப்பு வண்டி ஒன்றும் அங்கே இருந்தனவாம்.

கோபன்ஹேகன் நகரத்தார் தங்கள் ஊரில் டிவோலி என்னும் கேளிக்கைத் தோட்டத்தைத் திறந்தது 1843-ல். நம் நாட்டைக் கும்பெனியார் ஆண்டுகொண்டிருந்த காலம் அது. இதையெல்லாம் கேட்டபோது எனக்குச் சற்றுப் பொறாமையாகத்தான் இருந்தது. நாம் குழந்தைகளுக்கென்று தனி இடம் ஒதுக்கியவர்கள் அல்ல, அது வாஸ்தவம். ஆனால் தேரோட்டத்திலும் சந்தையிலும் ஆற்றங்கரையிலும் நம் குழந்தைகள் பெரியவர்களோடு பெரியவர்களாக இருந்தார்கள். அப்படி இருக்கவும் விடாமல், தனி இடமும் கொடுக்காமல், காரில் ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு ஊரைக் காட்டுகிற வழக்கம் என்னைப் போன்றவர்கள் ஏற்படுத்தியது.

மகள் மூன்று விதிகள் சொன்னாள். ஒரு நாளைக்கு ஓர் இடம். பசி வருவதற்கு முன்னால் சாப்பாடு. குழந்தையின் கையில் எப்போதும் ஏதாவது ஒரு வேலை. சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் உற்சாக மிகுதியில் ஒரு தவறு செய்தேன். பையனைத் தொலைபேசியில் அழைத்து, "ஒகேனக்கல்லில் உன்னைப் பரிசலில் ஏற்றுகிறேன். அது வட்டமான ஓடம். தண்ணீரில் பம்பரமாகச் சுற்றும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அன்று முதல் அவன் நாட்களை எண்ணத் தொடங்கிவிட்டானாம்.

முதல் நாள் தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே நடுகற்களுக்குக் குறைவில்லை. ஒரு காகிதத்தில் ஏழு கேள்விகள் எழுதி, ஆளுக்கொரு பென்சிலும் கொடுத்திருந்தேன். உடம்பில் அம்பு தைத்திருக்கும் வீரன் எங்கே? வில்லை எந்தக் கையில் பிடித்திருக்கிறான்? மாடுகள் எந்தக் கல்லில் இருக்கின்றன? இப்படிச் சாதாரணக் கேள்விகள்தாம். குழந்தைகள் இருவரும் கல்லுக்குக் கல் ஓடினார்கள். நான் முப்பது வருஷங்களாகப் பார்த்த கற்களில் நான் பார்க்காதவற்றையெல்லாம் கண்டுபிடித்தார்கள்.

மாடுதான் அந்தக் காலத்துச் செல்வம் என்றும், மாட்டைக் கவர்ந்து போகிறவர்களோடு சண்டையிட்டு மீட்கும்போது இறந்தவனுக்கு ஊரார் கல் நட்டார்கள் என்றும் சொன்னேன். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரின் நடுகல்லைப் பற்றியும் சொன்னேன். முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது அது. அதில் கருந்தேவகத்தி என்ற வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். அந்தப் பெயரும் கல்லில் இருக்கிறது.

"நாய்க்கும் கல்லா!" என்றான் பையன். அதற்குப் பிறகு அரை மணி நேரம், ஒவ்வொரு கல்லிலும் நாயைத் தேடினான்.

பேத்தி ஒரு கல்லின் எழுத்துக்களை விரலால் காற்றில் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாத்தா, இது என்ன மொழி?"

"தமிழ்தான் அம்மா."

"படியுங்கள்."

நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். அது வட்டெழுத்து. ஓர் எழுத்தையும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இருபது எண்ணும் நேரம் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்ததே, அதை என்னவென்று சொல்வேன்! "அம்மா! தாத்தாவுக்கும் தமிழ் படிக்கத் தெரியவில்லை!" என்று கூவிக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருஷத்துக் கணக்கு அந்த இடத்தில் தீர்ந்தது என்று எனக்குத் தோன்றிற்று.

வெளியே ஒரு தள்ளுவண்டியில் உப்பில் ஊறிய நெல்லிக்காய் வாங்கிக் கொடுத்தேன். கடித்ததும் இருவரும் முகத்தைச் சுளித்தார்கள். உடனே தண்ணீர் குடிக்கச் சொன்னேன். தண்ணீர் தித்தித்ததும் அவர்களுக்கு உண்டான ஆச்சரியம் இருக்கிறதே! அதியமான் கதையைச் சொல்ல அதைவிட நல்ல சமயம் எனக்கு வாய்த்ததில்லை.

இரண்டாம் நாள் ஒகேனக்கல். தருமபுரியிலிருந்து சுமார் 46 கிலோமீட்டர். குடகிலும் வயநாட்டிலும் மழை பலத்துக் கிருஷ்ணராஜசாகரமும் கபினியும் நிரம்பிவிட்டால், உபரி நீர் காவிரியில் வந்துவிடும். பிலிகுண்டுலுவில் வினாடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்பது அந்த நாட்களில் தினமும் பத்திரிகைகளில் வருகிற சமாசாரம். அன்று காலையில் நான் மட்டும் பத்திரிகை பார்க்கவில்லை. அங்கே போய்ச் சேர்ந்தால், பரிசலுக்கும் குளியலுக்கும் தடை! தடை நியாயமானதுதான். செம்மண் நிறத்தில் புரண்டு வந்த வெள்ளத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் காட்டுவதாகச் சொன்ன அருவிகளில் பாதி வெள்ளத்துக்குள் அமிழ்ந்து கிடந்தன.

பையன் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "தாத்தா சொன்னீர்களே?" என்று மட்டும் கேட்டுவிட்டு, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டான். ஆகஸ்டு மாதத்தில் காவிரியை நம்பி வாக்குக் கொடுத்த என் புத்தியை நான் நொந்துகொண்டேன்.

வேலையில்லாத பரிசல்காரர் ஒருவர் சற்றுத் தூரத்தில் தம் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். பையன் மெல்ல எழுந்து அங்கே போய் நின்றான். அந்த மனிதருக்கு ஜெர்மன் மொழி தெரியாது. பையனுக்கு அவருடைய தமிழ் பாதிதான் புரிந்தது. இருந்தாலும் இருவருக்கும் யாதொரு சிரமமும் ஏற்படவில்லை. மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல் பின்னி, அடியில் பிளாஸ்டிக் படுதா கட்டி, அதன் மேல் தார் பூசுகிறார்கள். முன் காலத்தில் படுதாவுக்குப் பதில் மாட்டுத்தோல் இருந்தது. பரிசலுக்கு முன்புறம் பின்புறம் என்பது கிடையாது. துடுப்பு ஒன்றுதான். அதை எதிரே போட்டு நீரைத் தம் பக்கமாக இழுத்தால் ஓடம் முன்னே போகும். ஒரு பக்கமாகவே வலித்தால் சுற்றும். இவ்வளவையும் அவர் கையாலேயே சொல்லிக் காட்டினார். பிறகு பரிசலை நிமிர்த்தி, பையனை உள்ளே உட்கார வைத்து, துடுப்பைக் கையில் கொடுத்தார். தரையிலேயே ஒரு மணி நேரம் ஓடம் ஓட்டினான்! அக்காளும் ஏறிக்கொண்டாள். பரிசல்காரர் வெளியே நின்று, பரிசலைக் கையால் பிடித்துச் சுற்றிவிட்டார். வருமானம் நின்றுபோயிருந்த நாளில் அவர் அதைச் செய்தார் என்பதை நான் மறக்க முடியாது. பணம் கொடுத்தபோது, "ஓடாத பரிசலுக்குக் கூலியா, ஐயா?" என்று சிரித்தார். வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

கன்னடத்தில் 'ஹொகெ' என்றால் புகை, 'கல்' என்றால் பாறை என்று விளக்கினேன். சாரல் எழும்புவது புகைபோல் இருப்பதால் வந்த பெயர். "அப்படியானால் ரௌஹ்ஷ்டைன்!" என்று பேத்தி ஜெர்மன் மொழியில் புதுப் பெயர் சூட்டினாள்.

சாப்பிடும்போது அவள் என்னை உற்றுப் பார்த்து, "தாத்தா, உங்கள் பல் ஏன் பழுப்பாக இருக்கிறது?" என்று கேட்டாள். மகள் அவளை அதட்டப் போனாள். நான் தடுத்தேன். புகைப்படங்களில் நான் வாயை மூடிக்கொண்டே சிரிப்பதற்குக் காரணம் அதுதான். இந்த ஜில்லாவின் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. பல் உருவாகிற சின்ன வயதில் அதற்கு அதிகமாக உள்ள நீரையே குடித்து வளர்ந்தால், பல்லில் கறை படிந்துவிடுகிறது, தேய்த்தால் போகாது. மிகவும் அதிகமானால் எலும்பையும் பாதிக்கும். இதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நிறைவேற்றி, 2013-ல் தொடங்கி வைத்தார்கள். "இதோ இந்த ஆற்றுத் தண்ணீர்தான் இப்போது நம் வீட்டுக் குழாயில் வருகிறது" என்றேன். பேத்தி நெடுநேரம் ஆற்றைப் பார்த்தாள். பிறகு, "நீங்கள் சின்னப் பையனாக இருந்தபோது இது ஏன் வரவில்லை?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

மூன்றாம் நாள் எனக்காக. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவின் சமாதியைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. ஒரு நாளைக்கு ஓரிடம் என்ற விதியின்படி, வேறு எங்கும் போகாமல் சாயங்காலம் புறப்பட்டோம். 1908-ல் வ.உ.சி.யோடு தண்டனை பெற்றதையும், சிறையில் தொழுநோய் கண்டதையும், பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட ஆசைப்பட்டதையும், 1925 ஜூலை 23-ல் இங்கேயே காலமானதையும் சுருக்கமாகச் சொன்னேன். நோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்று சர்க்கார் தடை போட்டதைச் சொன்னபோது, பையன் நிமிர்ந்து பார்த்தான்.

"அப்புறம் எப்படிப் போனார்?"

"நடந்து."

"எவ்வளவு தூரம்?"

"ஊர் ஊராக."

திரும்பும்போது கார் நின்ற இடம் வரைக்கும் அவன் தன்னைத் தூக்கிக்கொள்ளச் சொல்லவில்லை.

அவர்கள் மூனிச் போய்ச் சேர்ந்து ஒரு மாதம் கழித்து, மகள் தொலைபேசியில் பேசினாள். பேத்தி பள்ளிக்கூடத்தில் நாய்க்கு வைத்த கல்லைப் பற்றிச் சொன்னாளாம். அந்த நாயின் பெயரைக் கல்லில் உள்ள எழுத்திலேயே எழுதிக் காட்ட வேண்டும் என்று எல்லோரும் கேட்டார்களாம். "தாத்தா கற்றுக்கொண்டு எழுதி அனுப்புவார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

ஆகையால் இந்த வயதில் வட்டெழுத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். 'ப' எது, 'வ' எது என்பதில் இன்னும் தகராறு தீரவில்லை. கோவிவனின் பெயரில் இரண்டு 'வ' வருகின்றன.