ஒரே ஒரு டிக்கெட்!

விடியற்காலை மூன்றே முக்கால் மணி. மந்தைவெளியில் சித்தி வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. நான் இன்னும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன். அம்மா குளித்து, பட்டுப் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, வாசலில் தயாராக நின்றார்.

"கச்சேரி சாயங்காலம்தாம்மா. இப்ப டிக்கெட் வாங்கத்தான் போறோம்" என்றேன்.

"கோயிலுக்குக் கிளம்பறவ, நடை திறந்தப்புறம் கட்டிக்கலாம்னு புடவையைப் பையிலயா எடுத்துட்டுப் போவா? பேசாம ஏறு" என்றார்.

ஆட்டோக்கார அண்ணன் சிரித்துவிட்டார். "மியூசிக் அகாடமிதானே? நேத்தும் இதே நேரத்துக்கு ஒரு சவாரி விட்டேன்மா" என்றார்.

இது கொரோனாவுக்கு முந்தைய ஒரு மார்கழியில் நடந்தது. அம்மாவுக்கு அப்போது வயது 66. ஊர், மயிலாடுதுறையிலிருந்து பூம்புகார் போகும் சாலையில் இருக்கும் செம்பொனார்கோவில். நாகஸ்வரம் கேட்பவர்களுக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே போதும். 'ரக்தி' வாசிப்புக்குப் பெயர் போன செம்பொனார்கோவில் ராமசாமிப் பிள்ளையின் பரம்பரை எங்கள் ஊர்ப் பெயரைச் சுமந்தே உலகமெல்லாம் போனது. அந்த வழியில் வந்த எஸ்.ஆர்.டி. வைத்தியநாதனிடம் பாடம் கேட்டவர், பாடகர் சஞ்சய் சுப்ரமண்யன். அம்மாவுக்கு அது போதும். "எங்க ஊரு வித்வான்கிட்ட கத்துக்கிட்ட புள்ள" என்றுதான் சொல்வார், ஏதோ தன் அண்ணன் மகனைச் சொல்வதுபோல.

வானொலியில் கேட்டு, கேசட்டில் கேட்டு, பிறகு என் பழைய செல்போனில் கேட்டு, கடைசியில் ஒருநாள் அம்மா கேட்டேவிட்டார்: "ஒரு தடவை நேர்ல பார்க்க முடியுமாடி?"

அவ்வளவுதானே, ஆன்லைனில் புக் பண்ணிவிடலாம் என்று நினைத்தேன். வேறொரு சபாவில் அவர் பாடும் கச்சேரிக்கு முன்பதிவு தொடங்கிய நிமிடமே செல்போனில் உட்கார்ந்தேன். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அது நின்றபோது எல்லா இருக்கைகளும் போய்விட்டிருந்தன. "உன் போனுக்கு வரிசையில நிக்கத் தெரியலை. நமக்குத் தெரியும். கிளம்பு, மெட்ராஸுக்குப் போவோம்" என்றார் அம்மா. உழவன் எக்ஸ்பிரஸில் மயிலாடுதுறையில் ஏறினோம்.

ஆழ்வார்பேட்டை வழியாக டி.டி.கே. சாலையில் ஆட்டோ திரும்பியது. மார்கழிப் பனி தெருவிளக்குகளைச் சுற்றிப் பஞ்சு மாதிரி நின்றது. எங்கோ ஒரு கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மாள் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாண உருண்டையும் பூசணிப்பூவும் தயாராக இருந்தன. நாரத கான சபாவைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் போனால் இடதும் வலதுமாகப் பெரிய சாலைகள் பிரியும் சந்திப்பு. அங்கேதான் அகாடமி.

அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது, கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-ல் பிறந்ததுதான் மியூசிக் அகாடமி. இப்போதிருக்கும் அரங்கம் 1962-ல் திறக்கப்பட்டது. அகாடமியின் டிசம்பர் விழாவைத் தொடர்ந்து ஒவ்வொரு சபாவாகச் சேர்ந்துகொள்ள, மார்கழி என்றாலே சென்னையில் கச்சேரி என்று ஆகிப்போனது. 2017-ல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பு நகரமாக அறிவித்தது. ஆனால், அந்த நகரத்தைப் பார்க்க வேண்டுமானால் அரங்கத்துக்குள் போக வேண்டியதில்லை. விடியற்காலை டிக்கெட் வரிசைக்குப் போனால் போதும்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்கு முன்னால் ஐம்பது பேராவது இருந்தார்கள்! சிலர் மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார்கள். ஒரு பெரியவர் மங்கி குல்லாவும் மஃப்ளருமாக, பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தார். ஐ.டி. கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே ஓர் இளைஞர், இரவு ஷிப்டிலிருந்து நேராக வந்திருக்கிறார். நடுவில் ஒரு சார், கோடு போட்ட நோட்டுத் தாளில் வந்தவர்களின் பெயரை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை. ஆனால், எல்லோரும் அவர் பேச்சைக் கேட்டார்கள்.

"பேரு போட்டாச்சுல்ல, பயப்படாம போய் டீ குடிச்சுட்டு வாங்க. உங்க இடம் எங்கயும் போகாது" என்றார் எங்களிடம்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய சபாக்களில் இருக்கைகளில் பெரும்பகுதி உறுப்பினர்களுக்கும் சீசன் டிக்கெட்காரர்களுக்கும் போய்விடும். மிச்சமிருப்பதுதான் தினசரி டிக்கெட். அதை அகாடமியில் அன்றன்று காலை கவுன்ட்டரில் கொடுப்பார்கள். மாலையில் யார் பாடுகிறார்கள் என்பதைப் பொறுத்து வரிசை நீளும். சில பெயர்களுக்கு எட்டு மணிக்கு வந்தால் போதும். சில பெயர்களுக்கு முதல் நாள் இரவு சீக்கிரம் படுக்க வேண்டும்.

வரிசையில் நின்ற மூன்று நான்கு மணி நேரமும் தனிக் கச்சேரி. "இன்னிக்கு மெயின் தோடியாத்தான் இருக்கும்" என்கிறார் ஒருவர். "போன வாரம்தானே பாடினார், இன்னிக்குக் காம்போதி" என்கிறார் இன்னொருவர். மங்கி குல்லா பெரியவர், "தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் கேன்டீனுக்கு ஓடறவா முதல்ல இந்த வரிசையை விட்டுப் போகலாம்" என்று சொல்ல, ஒரே சிரிப்பு. ராகத்தைக் கண்டுபிடிக்கச் சின்னப் புத்தகம் வைத்திருந்த ஒரு மாமி, அதை அம்மாவிடம் நீட்டினார்.

அம்மா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எனக்கு ராகப் பேரெல்லாம் தெரியாதுங்க. சாமி புறப்பாட்டுல ராத்திரி எதை வாசிப்பாங்க, விடியக்காலம் எதை வாசிப்பாங்கன்னு தெரியும். அவ்வளவுதான்."

மாமி ஒரு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு, "இங்க வந்து உட்காருங்கோ" என்று தன் மடக்கு நாற்காலியை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார்.

கவுன்ட்டர் திறந்ததும் வரிசை நிமிர்ந்தது. நாற்காலிகள் மடங்கின. பெயர்ப் பட்டியல் சார் கடைசியாக ஒருமுறை தலைகளை எண்ணினார். வரிசை நகர்ந்தது. அம்மா புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டார். முன்னால் பத்து பேர். ஐந்து பேர். இரண்டு பேர். எங்கள் முறை வந்தது.

"ரெண்டு டிக்கெட் சார்."

உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணுதாம்மா இருக்கு. பால்கனி."

எங்களுக்குப் பின்னால் 'ச்சு' என்று ஒரு சத்தம் வரிசை முழுக்கப் போனது. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தார். "வாங்கு. வாங்கி நீ போ. நான் சித்தி வீட்டுல இருக்கேன்."

அம்மா அப்படித்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். வீட்டில் எது குறைந்தாலும் அவருடைய பங்குதான் முதலில் குறையும். ஆனால், எனக்கு இன்னொன்றும் தெரியும். 1981-ல் அப்பா அவரை ஒருமுறை சென்னைக்குக் கச்சேரிக்கு அழைத்து வந்திருக்கிறார். அம்மா மடியில் ஒரு வயதுக் குழந்தையாக நான். முதல் பாட்டு முடிவதற்குள் நான் வீறிட்டு அழ, முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்க, அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அன்று முழுக் கச்சேரியும் அவருக்கு வராந்தாவில்தான். அப்பா சிரித்துக்கொண்டே சொல்லும் கதை இது. அம்மா இதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

டிக்கெட்டை வாங்கி அம்மாவின் கையில் வைத்தேன். "அன்னைக்கு நான் அழுதேன், நீ வெளியில நின்ன. இன்னைக்கு நான் நிக்கறேன்."

"தனியா எப்படிடி போவேன்? எனக்கு எங்க உட்காரணும்னுகூடத் தெரியாதே."

"சீட்டு நம்பர் போட்டிருக்கு. கேட்டா சொல்லுவாங்க."

அம்மா தன் வாழ்நாளில் தனியாக சினிமாவுக்குப் போனதில்லை. ஹோட்டலுக்குப் போனதில்லை. அந்த டிக்கெட்டை முந்தானையில் முடிந்துகொண்டார். பகல் முழுக்கப் பத்து தடவையாவது தொட்டுப் பார்த்திருப்பார்.

மாலையில் வாசலில் இன்னொரு கூட்டம் நிற்கும். "எக்ஸ்ட்ரா டிக்கெட் இருக்கா?" என்று வருகிறவர்களையெல்லாம் கேட்கும் கூட்டம். வருவதாகச் சொன்ன நண்பர் வரவில்லை, மனைவிக்குக் காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் யாராவது ஒரு டிக்கெட்டை நீட்டுவார்கள். நானும் நின்றேன். ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு அப்படி ஒன்று கிடைத்தது. அவள் துள்ளிய துள்ளலில் எனக்குப் பொறாமையே வரவில்லை. எனக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை.

படிக்கட்டில் ஏறும்போது அம்மா ஒரு முறை திரும்பிப் பார்த்தார். கையசைத்தேன். முதல் நாள் பள்ளிக்கூடத்தில் என்னை விட்டுவிட்டு அவர் இப்படித்தான் நின்றிருப்பார்.

அடுத்த இரண்டரை மணி நேரம் நான் என்ன செய்தேன்? கேன்டீனில் போண்டாவும் காபியும் சாப்பிட்டேன். அங்கே உட்கார்ந்தவர்கள் பேசிய பேச்சில் பாதி சங்கீதம், பாதி சாம்பார். பிறகு டி.டி.கே. சாலையில் கொஞ்ச தூரம் நடந்தேன், திரும்பி வந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று வெளியில் எதுவும் தெரியவில்லை. ஒரே ஒரு தடவை யாரோ கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது, வயலின் ஓசை ஒரு கீற்று வந்து, கதவோடு மூடிக்கொண்டது. 1981-ல் அம்மாவுக்குக் கிடைத்ததும் இவ்வளவுதானே என்று தோன்றியது.

கச்சேரி முடிந்து கூட்டம் கொட்டியது. அம்மா நிதானமாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது. எதுவும் கேட்கவில்லை நான். ஆட்டோ ஆழ்வார்பேட்டை தாண்டியபோது அவரே பேசினார்.

"முதல்ல தம்புரா மட்டும் கேட்டுச்சு பாரு... அதுலயே எனக்குப் போதும்னு ஆயிடுச்சு."

கொஞ்சம் கழித்து, "நடுவுல ஒரு இடம். மூச்சை விடாம இழுத்துக்கிட்டே போனார். நம்ம கோயில் மதில்கிட்ட நின்னு கேட்ட மாதிரியே இருந்துச்சு. இவர் வாயில பாடறாரா, நாகஸ்வரத்துல வாசிக்கறாரான்னு தெரியல."

இன்னும் கொஞ்சம் கழித்து, குரலில் ஒரு பெருமை: "பக்கத்து சீட்டுல ஒரு பொண்ணு. கடைசி நேரத்துல டிக்கெட் கெடச்சு ஓடி வந்துச்சாம். அதுக்குத் தாளம் போட வரல. என் கையைப் பார்த்துப் பார்த்தே போட்டுச்சு, தெரியுமா!"

சஞ்சய் இப்போது மார்கழி சபாக் கச்சேரிகளிலிருந்து விலகிவிட்டார். ஆனால், அந்த வரிசை வேறு பெயர்களுக்காக நின்றுகொண்டுதான் இருக்கிறது. நீங்கள் போவதாக இருந்தால் சில யோசனைகள். சபா அட்டவணையை டிசம்பருக்கு முன்பே பார்த்துவிடுங்கள். டிக்கெட் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம், பல சபாக்களில் பகல் நேரக் கச்சேரிகள் இலவசம். நாளைய பெரிய பெயர்கள் அங்கேதான் பாடிக்கொண்டிருக்கிறார்கள். மயிலாப்பூரில் தங்கினால், விடியற்காலை கபாலீஸ்வரர் கோயில் மாட வீதிகளில் வரும் மார்கழி பஜனையைத் தவறவிடாதீர்கள். அதற்கு டிக்கெட்டும் இல்லை, வரிசையும் இல்லை. மடக்கு நாற்காலி ஒன்று அவசியம். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், பக்கத்தில் நிற்கும் யாருக்காவது தேவைப்படும்.

அந்த பால்கனி டிக்கெட்டின் மிச்சத் துண்டு, அம்மாவின் பேங்க் பாஸ்புக்குக்குள் இருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசியிலும் போன் செய்கிறார்.

"இந்த வருஷமாவது ரெண்டு டிக்கெட்டா வாங்கப் பாருடி."