போல்ட்டுகளின் பூர்வோத்தரம்

நாலு கதவு வைத்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்று, உடையவர் காலமான பிறகு ஓட்டுவாரின்றி ஷெட்டிலேயே பல வருஷங்களாகக் கிடக்கிறதென்று கேள்விப்பட்டுப் போய் அதை நான் விலைக்கு வாங்கியபோது, செப்பனிட்டுச் சாலையில் இறக்கவேண்டும் என்பதற்கு மேல் வேறு உத்தேசம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் புதுப்பேட்டையில், டிங்கரிங் தொழிலிலேயே தலை நரைத்த மேஸ்திரி ஒருவர், துருவைச் சுரண்டிக்கொண்டே வந்து முன்கதவின் அடியில் நிறுத்திக் கேட்ட கேள்வி, என்னை வெகுதூரம் அழைத்துச் சென்றுவிட்டது.

"சார், அம்பாசடர், பியட் எல்லாம் பாடி ஒரே கூடா வெல்டிங்கிலே நிக்கும். இதுல மட்டும் சேசிஸ் தனியா இருக்கு, மேல எல்லாத்தையும் போல்ட்டு போட்டு முடுக்கி வெச்சிருக்கான். கழட்டினா முன்னாடி வேற, பின்னாடி வேற, கூரை வேற. எதுக்கு சார் இப்படிப் பண்ணான்?"

கேள்வி நியாயமானது. முகப்பு விளக்குகளும் மட்கார்டுகளும் சேர்ந்தபடியே பானட் முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறந்துகொள்வதும், கூரையைப் போல்ட்டுக் கழற்றித் தூக்கிவிடலாம் என்பதும், ஹெரால்டின் விசேஷங்கள். பழைய சம்பிரதாயத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள் போலும் என்றுதான் முதலில் எண்ணினேன். அந்த எண்ணம் நிலைக்கவில்லை. ஏனெனில் அதே கம்பெனி அதற்கு முன்பு செய்த ஸ்டாண்டர்டு எயிட், டென் ஆகிய வண்டிகளில் தனிச் சேசிஸ் கிடையாது, அவை ஒரே கூடாகவே கட்டப்பட்டவை. உலகமே சேசிஸைக் கைவிட்டுக்கொண்டிருந்த சமயத்தில், ஒருமுறை கைவிட்டவர்கள் மறுபடி அதற்குத் திரும்பியிருக்கிறார்கள் என்றால், அதற்குப் பலமான காரணம் இருந்தே தீரவேண்டும்.

காரணம் யந்திர சாஸ்திரத்தில் இல்லை, வியாபாரத்தில் இருந்தது. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு வண்டிக்கூடுகளைத் தகட்டில் அழுத்திச் செய்து கொடுத்துவந்தது பர்மிங்ஹாமைச் சேர்ந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்னும் நிறுவனம். 1953-இல் அதைப் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. போட்டியாளரின் கைக்கு மாறிய ஆலை, இனிப் புதிய மாடல்களுக்குக் கூடு செய்து தர இயலாதென்று கைவிரித்தது. முழுக் கூட்டையும் ஒரே இடத்தில் செய்துகொள்ள வழியற்ற நிலையில், சிறு சிறு பகுதிகளாகப் பல பட்டறைகளில் செய்வித்து, உறுதியான சேசிஸ் ஒன்றின்மேல் போல்ட்டுகளால் பிணைத்துவிடுவது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். உருவத்தை வரையும் பொறுப்பு இத்தாலியின் டூரின் நகரத்துக் கலைஞர் ஜொவான்னி மிக்கெலோட்டியிடம் ஒப்படைக்கப்பட்டது; நிர்ப்பந்தத்தில் பிறந்த வண்டிக்கு அவர் கொடுத்த ரூபம் எத்தனை லட்சணமானதென்பதை, பட்டியும் பெயின்ட்டும் சுரண்டப்பட்டு வெறும் தகடாக என் வண்டி நின்ற அன்றுதான் பூரணமாக உணர்ந்தேன். 1959-இல் 'டிரையம்ஃப் ஹெரால்டு' என்ற பெயரில் அது அங்கே வெளிவந்தது.

இந்த விசாரணையில் என்னை வியப்பில் ஆழ்த்திய விஷயம் ஒன்று உண்டு. நம் அம்பாசடரின் மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, அந்தப் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் வண்டியே. மவுண்ட் ரோடில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்த அம்பாசடருக்கும் ஹெரால்டுக்கும் இடையே கடல் கடந்த பழைய வழக்கு ஒன்று இருந்ததை, அவற்றை ஓட்டிய எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்!

துண்டு துண்டாகப் பிரியும் அமைப்பு, உதிரிகளாகப் பெட்டியில் அடைத்துத் தூரதேசங்களுக்கு அனுப்பி அங்கே பூட்டிக்கொள்வதற்கு மிகவும் அனுகூலமாயிற்று. அப்படி வந்து சேர்ந்த இடங்களுள் ஒன்று நம் வண்டலூர். 1961 முதல் அங்கே ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா ஹெரால்டைச் செய்யத் தொடங்கியது. இங்கிலாந்தில் பிற்பாடு பெரிய எஞ்சின் வந்தும், இங்கே கடைசிவரை 948 சி.சி. எஞ்சினே நீடித்தது.

மேஸ்திரியிடம் இத்தனையையும் சொன்னபோது அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "எவனோ செஞ்ச இடைஞ்சல் நமக்கு நல்லதாப் போச்சு சார், மத்த வண்டின்னா அறுத்து எடுக்கணும், இதுல ஸ்பானர் போதும்" என்றார். வாஸ்தவம். துரு தின்ற பகுதியை மாத்திரம் கழற்றிச் சீர்செய்து மறுபடி பூட்ட முடிகிற அந்த சௌகரியம் இல்லாதிருந்தால், என் வண்டி காயலான் கடைக்குத்தான் போயிருக்கும்.

ஆனால் பழைய வண்டியின்மேல் உள்ள அபிமானம் அதன் குறைகளை மறைக்கலாகாது. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில் மரை வெட்டி, அதை டிரன்னியன் என்னும் வெண்கலக் கட்டியில் திருகியிருக்கிறார்கள். அதற்குக் கெட்டியான கியர் ஆயில் விடவேண்டும். நம் பட்டறைகளில் வழக்கப்படி கிரீஸை அடைத்தால், அது மரையின் இடுக்குகளுக்குள் சரிவரப் பரவாமல், நீர் இறங்கித் துருவேறி, என்றோ ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். ஹெரால்டு வாங்குகிறவர்கள் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் இதைப் பார்க்கவேண்டுமென்று கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். பின்புறத்திலோ, குறுக்கே கிடக்கும் ஒரே வில்பட்டையில் இரு சக்கரங்களும் தனித்தனியே மேலும் கீழும் ஆடுகின்றன. வளைவில் வேகமாகத் திருப்பினால் சக்கரம் உட்புறம் சாய்ந்து பிடிப்பை இழக்கக்கூடும். 1972-இல் வந்த கெஸல் என்னும் வண்டியில் இங்குள்ளவர்களே அந்த ஆக்ஸிலை மாற்றினார்கள்.

இங்குள்ளவர்கள் செய்த மாற்றங்களுள் எனக்கு மிகவும் பிரியமானது பின்கதவு. இங்கிலாந்தின் ஹெரால்டுக்குப் பக்கத்துக்கு ஒரு கதவுதான். குடும்பத்தோடு புறப்படுகிற வீட்டில் முன்னாசனத்தை மடித்துப் பெரியவர்கள் குனிந்து நுழைவது எத்தனை சிரமம் என்பதை உணர்ந்து, நாலு கதவுள்ள ஹெரால்டை 1960-களின் பிற்பகுதியில் வண்டலூரில் செய்தார்கள். அத்தகைய ஹெரால்டு இங்கிலாந்தில் பிறக்கவேயில்லை. இதன் பலனை இப்போது அனுபவிக்கிறேன்: டிரன்னியன் முதலான சாமான்கள் பல இன்றும் அந்நாட்டில் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன, கேட்டால் கப்பலேறி வருகின்றன, பின்கதவின் ரப்பர் பீடிங்குக்கோ அங்கே மாதிரி கூடக் கிடையாது. பழைய பீடிங்கில் சிதையாத ஒரு சாண் துண்டைக் கத்தரித்து, அச்சு செய்து வார்த்துத் தருவதாகச் சொன்ன ரப்பர் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை பின்கதவுகளை மாட்டுவதில்லை என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.