இரசாயனக் குறிப்பெடுத்தல்

மேனிலைப் பள்ளியில் இரசாயனம் பயிலும் மாணாக்கருள் குறிப்பேடு இல்லாதார் அரியர். ஆயினும் அவ்வேட்டினால் மெய்யான பயன் கொள்வார் சிலரே. சிலர் ஆசிரியர் கூறும் ஒவ்வொரு சொல்லையும் விடாது எழுதுவர். சிலர் பாடநூலின் வரிகளுக்கடியில் பல வண்ணக் கோடுகள் இடுவர். வேறு சிலர் முந்தின ஆண்டு மாணாக்கர் எழுதி வைத்ததைப் படியெடுத்துக்கொண்டு கவலையற்று இருப்பர். திருப்பூர்ப் பக்கத்தில் வளர்ந்து, இக்கலாசாலையில் இரசாயன வகுப்பில் சேர்ந்துள்ள யாம், விடுமுறைதோறும் எம்மூர் இளைய மாணாக்கரோடு அமர்ந்து பாடம் பார்ப்பது வழக்கம். அங்ஙனம் பார்த்ததில் தோன்றிய சில எண்ணங்களை இச்சஞ்சிகையின் அன்பர்கள் முன் வைக்கின்றோம்.

எம்மூரில் இஃது அற்பமான விஷயமன்று. தாயும் தந்தையும் பனியன் கம்பெனிக்குச் சென்று இரவில் வீடு திரும்பும் குடும்பங்கள் அங்கே மிகுதி. பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தருவார் வீட்டில் இலர். விடுமுறையில் பிசிறு வெட்டுவதற்குத் தானும் கம்பெனிக்குச் செல்லும் பிள்ளைகளும் உளர். பரீட்சையில் ஒருமுறை தவறினவனுக்கு, மறுபடியும் புத்தகத்தைத் திறப்பதைக் காட்டிலும், வாரக்கூலிக்குச் சேர்ந்துவிடுவது எளிதாகத் தோன்றுகிறது. ஆதலால், அப்பிள்ளை குறிப்பெழுதுவதில் செலவிடும் ஒரு மணி நேரம் பயன்படுமா வீணாகுமா என்பது, அவன் கல்வி தொடருமா நிற்குமா என்பதையும் ஓரளவு தீர்மானிக்கின்றது.

குறிப்பேடு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை அறிய யாம் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை; எம்மூர்ச் சாயப்பட்டறையிலேயே அதற்கு ஒரு நல்ல மாதிரி உண்டு. ஒவ்வொரு லாட்டுக்கும் துணியின் எடை, நீரின் அளவு, சாயங்களின் பெயர், உப்பு, சோடா, வெப்பம், நேரம் ஆகியவற்றை எழுதி, சாயமேறிய துணியில் ஒரு சிறு துண்டை வெட்டி அருகே ஒட்டி வைப்பர். உதாரணமாக, 100 கிலோ பருத்தித் துணிக்கு ஒன்றுக்கு எட்டு என்னும் கணக்கில் நீர் 800 லிட்டர். சாயம் 2 விழுக்காடு எனின் 2 கிலோ. லிட்டருக்கு 60 கிராம் வீதம் உப்பு 48 கிலோ. லிட்டருக்கு 20 கிராம் வீதம் சோடா 16 கிலோ. வெப்பம் 60 பாகை. மூன்று மாதம் கழித்து அதே நிறம் மீண்டும் வேண்டுமென்று வியாபாரி கேட்பின், அன்று பணியிலில்லாத வேறொருவரும் அவ்வேட்டைக் கொண்டு அந்நிறத்திற்கு வழி காண இயலும். அதில் வீண்சொல் ஒன்றுமில்லை. அளவு இல்லாத வரியும் இல்லை.

எனினும், மாணாக்கனுக்கு அவ்வேடு மட்டும் போதாது. உப்பு எத்தனை கிலோ என்பதை அது கூறும்; உப்பு எதற்கு என்பதைக் கூறாது. நீரில் நனைந்த பருத்தியிழையின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொள்கிறது. சாயத்தின் அயனியும் எதிர்மின் உடையதாதலின் ஒன்றையொன்று விலக்கும். உப்பிலுள்ள சோடியம் அயனிகள் அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையின்பால் சேர்க்கின்றன. பின்னர்ச் சோடா நீரைக் காரமாக்க, இழையும் சாயமும் வினைபுரிந்து பிணைகின்றன. மின்சுமை, அயனி, காரத்தன்மை என்று வகுப்பில் தனித்தனியே கேட்டவை இங்கே ஒருங்கு கூடி நிற்பதைக் காண்க. 'எவ்வளவு' என்பதோடு 'ஏன்' என்பதும் எழுதப்பட்ட ஏடே கற்பவனுக்குரிய ஏடாகும்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு இரசாயன நூல் 2 தொகுதிகளாய், 15 அலகுகள் கொண்டது. அவ்வலகுகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. ஆகவே எல்லாவற்றிற்கும் ஒரே வகைக் குறிப்புப் பொருந்தாது. வினைவேகவியல், மின்வேதியியல் போன்ற கணக்குப் பகுதிகளில், சூத்திரங்களை மாத்திரம் வரிசையாய் எழுதுவதனால் பயன் சிறிதே. ஒவ்வொரு சூத்திரத்தின் கீழும் ஒரு கணக்கை அலகுகளோடு முழுதும் செய்து வைத்தல் வேண்டும். முதல்வகை வினையொன்றின் வேகமாறிலி நிமிடத்திற்கு 0.0231 எனின், 0.693-ஐ அதனால் வகுக்க அரைவாழ்நாள் 30 நிமிடம் என வரும். அலகை எழுதியவனுக்கு, எதனை எதனால் வகுப்பது என்ற ஐயம் பெரும்பாலும் எழாது.

தனிமங்களின் குணங்களைக் கூறும் பகுதிகளுக்கு அட்டவணை ஏற்றது. ஒப்பிடத்தக்கவற்றை அருகருகே வைத்தால், வேற்றுமை தானே புலப்படும். கரிம இரசாயனத்திற்கோ ஒரு பெரிய தாளில் வரைந்த வழிப்படமே சிறந்தது. நைட்ரோபென்சீனைத் தகரமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அனிலீனாக்கும். அனிலீன், சோடியம் நைட்ரைட்டோடும் அவ்வமிலத்தோடும் 0 முதல் 5 பாகைக் குளிரில் டையசோனியம் உப்பாகும். அது காரக் கரைசலில் பினாலோடு கூடிச் செம்மஞ்சள் நிறச் சாயமாகும். இவற்றை மூன்று தனி வினைகளாக மனனம் செய்வது பாரம். ஒரே பாதையின் மூன்று படிகளாக அம்புக்குறியிட்டு வரைந்தவன் எளிதில் மறவான். செய்முறை வகுப்பின் குறிப்பையோ, சோதனை நிகழும்பொழுதே எழுத வேண்டும். பியூரெட்டின் அளவை வீட்டிற்குச் சென்று நினைவிலிருந்து எழுதுதல் தகாது.

இங்கே மைக்கேல் பாரடேயை நினைவுகூர்தல் பொருந்தும். அவர் புத்தகம் கட்டுந் தொழில் பயின்ற ஏழை இளைஞர். 1812-இல் இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்பிரி டேவி நிகழ்த்திய நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, பின்னர் வீட்டில் அவற்றை விரித்தெழுதிப் படங்களும் வரைந்து, தம் கையாலேயே கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813-இல் அவருக்கு அங்கே உதவியாளர் பதவி கிடைத்தது. கேட்டதோடு நில்லாமல், கேட்டதைத் தம் சொல்லில் மீண்டும் அமைத்ததே அவ்வேட்டின் சிறப்பு.

எழுதிய குறிப்பைப் பலமுறை படிப்பது மாத்திரம் போதுமோ எனின், போதாது. 2006-இல் அமெரிக்க மனவியலார் ரோடிகரும் கார்பிக்கும் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், ஒரு பகுதியை இருமுறை படித்தோர் ஐந்து நிமிடங் கழித்து 81 விழுக்காடும், ஒருமுறை படித்து மறுமுறை நினைவிலிருந்து எழுதியோர் 75 விழுக்காடும் கூறினர். ஒரு வாரஞ் சென்றபின் முன்னவர் 42, பின்னவர் 56 எனக் கணக்கு மாறிற்று. திரும்பத் திரும்பப் படித்தலால் உண்டாகும் தெளிவு அன்றைக்கே உரியது. ஆகவே, பக்கத்தின் இடப்புறம் இரண்டரை அங்குலம் விட்டு, அதில் வினாக்களை மட்டும் எழுதி, வலப்புறக் குறிப்பை மறைத்து விடை கூறிப் பழகுவது நலம். கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த வால்ட்டர் பாக் பரப்பிய முறை இதுவே. இதற்குத் தாளும் அடிக்கோலுமன்றி வேறு செலவில்லை. இரவில் அரைமணி நேரமே கிடைக்கும் பிள்ளைக்கும் இது கைகூடும்.

தமிழ் வழியில் பயின்று ஆங்கில வழிக் கலாசாலைக்கு வருவோர்க்கு இன்னொன்று கூறுவோம். ஒவ்வொரு கலைச்சொல்லையும் இரு மொழியிலும் அருகருகே எழுதி வைப்பீராக. தமிழில் இச்சாஸ்திரம் புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் அவர்களின் முயற்சியால், 'கெமிஸ்தம்' என்னும் நூல் 1875-இலேயே வெளிவந்தது. தாய்மொழியில் விளங்கிய பொருளைப் பிறமொழிச் சொல்லில் ஏற்றுவது சில மாத உழைப்பே. விளங்காத பொருளோ எம்மொழியில் எழுதினும் விளங்காததே.

மேலே கூறிய 48 கிலோ உப்பு என்னவாயிற்று என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உப்பு துணியிற் பிணைவதில்லை; கழிவுநீரோடு வெளியேறுகின்றது. பல்லாண்டுகள் அந்நீர் நொய்யலிற் கலந்தது. 1992-இல் பாசனத்திற்கென முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, உழவர் நிலங்கள் கெட்டன. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவு வெளியேறா வகையில் நீரைச் சுத்திகரிக்கும் முறையோடுதான் அவை மீண்டும் இயங்கலாயின. அம்முறையில் சவ்வூடு நீரைப் பிரிப்பதும், எஞ்சியதை ஆவியாக்கி உப்பை மீட்பதும் மேனிலைப் பள்ளி இரசாயனத்தில் வேரூன்றியவையே. அவ்வேலைகளைச் செம்மையாய்ச் செய்யக் கற்றவர் எம்மூருக்கு இன்னும் பலர் வேண்டும். அவர்கள் இப்பொழுது பிசிறு வெட்டும் பிள்ளைகளிலிருந்தும் வருதல் கூடும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர்; அளவும் காரணமும் எழுதிய ஏடாயின், அஃது ஊருக்கு உதவும் என்றே யாம் நம்புகின்றோம்.