பாலஸ்டியரில் ஒரு ஜோடி விளக்கு

நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சாவி வாங்கிய நாளில் மாட்டிய வெறும் பல்புதான் வரவேற்பறையில் இன்னமும் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த தீபாவளிக்கு மாற்றலாம் என்று சொல்லிச் சொல்லியே நான்கு தீபாவளி போய்விட்டது.

நான் வானொலியில் காலை நிகழ்ச்சி படைப்பவள். நாலு மணிக்கு எழுந்தால்தான் ஆறு மணிக்கு உற்சாகமாக வணக்கம் சொல்ல முடியும். கணவர் வேலை முடிந்து வரும்போது இரவு பத்தாகிவிடும். என் அலாரம் அவர் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று இரண்டாவது அறையில் ஒரு மெத்தையைப் போட்டோம், ஒரு வாரத்துக்கு மட்டும் என்று. அந்த ஒரு வாரம் ஒன்றரை வருடமாக நீண்டுவிட்டது. பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில்தான்: ‘பால் தீர்ந்தது’, ‘துணி காயப்போட்டாச்சு’. முகம் தெரியாத நேயர்களிடம் தினமும் மணிக்கணக்கில் பேசுகிறவள் வீட்டில் பேசியது இவ்வளவுதான்.

சென்ற மாதம் இருவருக்கும் ஒரே வாரத்தில் விடுப்பு கிடைத்தது. பாலிக்குப் போகலாமா என்றேன். “முதல்ல வீட்டைப் பார்ப்போம்மா,” என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

விளக்கு வாங்குவதென்றால் பாலஸ்டியர் ரோடு. நொவீனா நிலையத்தில் இறங்கி நடந்தோம். விளக்குக் கடை, அடுத்துக் குளியலறைச் சாமான் கடை, நடுவில் பாக் குட் தே கடை, மறுபடியும் விளக்குக் கடை. நல்ல வெயிலிலும் கடைக்குள் அத்தனை விளக்குகளும் எரிந்துகொண்டிருக்கும். மின்கட்டணத்தை நினைத்து எனக்குத்தான் பதறியது. அண்ணாந்து பார்த்தால் பூவேலைப்பாடு மிகுந்த பழைய கடைவீடுகள். அவற்றுள் ஒரு வரிசை 1926இல் கட்டப்பட்டது.

சாலைக்குப் பெயர் தந்த ஜோசப் பாலஸ்டியர் சிங்கப்பூரில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். இந்தப் பக்கத்தில் கரும்புத் தோட்டம் வைத்திருந்தார். மனைவி மரியா 1843இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்கு ஒரு மணியை அன்பளிப்பாகத் தந்தார், தினமும் இரவு எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் அடிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன். அந்த மணி இப்போது தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. மகனையும் பிறகு மனைவியையும் இங்கேயே பறிகொடுத்த பாலஸ்டியர், தோட்டமும் நொடித்துப்போக, 1848இல் ஊரைவிட்டுப் போனார். நடந்துகொண்டே இந்தக் கதையைச் சொன்னேன். “இப்பவும் எட்டு மணிக்கு ஒரு மணி அடிச்சு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினா நல்லாயிருக்கும்,” என்றார் அவர்.

மூன்றாவது கடையில்தான் சண்டை. எனக்கு 3000 கெல்வின், இளமஞ்சள் வெளிச்சம். அவருக்கு 6500, பளீர் வெள்ளை. “ஹோட்டல் மாதிரி இருக்கு,” என்றார். “கிளினிக் மாதிரி இருக்கு,” என்றேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: அங் மோ கியோவில் அவர்கள் இருந்த மூவறை வீட்டில் சமையலறை டியூப் லைட் மட்டும்தான் நன்றாக எரியுமாம். அதன் கீழே அம்மா தையல் வேலை பார்க்க, மேசையின் மறுபக்கத்தில் இவர் பாடம் படிப்பாராம். வெள்ளை வெளிச்சம் என்றால் அம்மா விழித்திருக்கிறார் என்று அர்த்தமாம். மணமாகி ஆறு வருடத்தில் இதை நான் கேட்டதே இல்லை. சமையலறைக்கு 6500, மற்ற இடங்களுக்கு 3000 என்று முடிவானது.

பணம் கட்டும் முன் இரண்டாவது அறைக்கு ஒரு மேசை விளக்கு எடுத்தேன். அவர் அங்கே படிப்பதற்கு. கடைக்கார அங்கிள் பெட்டியைப் பார்த்தார். “கட்டிலுக்கா? ஒன்றா, ஒரு ஜோடியா?” எங்களில் யாரும் உடனே பதில் சொல்லவில்லை. அவர் அலமாரியிலிருந்து இன்னொரு பெட்டியை எடுத்து வந்தார். வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை.

சமையலறைச் சுவர் ஓடு உடைக்கும் வேலை செவ்வாயன்று நடந்தது. வீவக விதிப்படி உடைப்பு வேலைக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே அனுமதி. சனி, ஞாயிறு கிடையாது. வேலைக்குப் போகும் தம்பதிகள் விடுப்பு எடுக்காமல் வீட்டைத் தொட முடியாது என்பது அன்றுதான் புரிந்தது. பாலஸ்டியரில் வாங்கிய தாவ் சார் பியாவை எதிர்வீட்டுச் சீனப் பாட்டியிடம் கொடுத்து, சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்டோம். தூசியில் இருமிக்கொண்டே இருவரும் சுவருக்கு வண்ணம் பூசினோம். அவர் பூசிய மூலை திட்டுத்திட்டாக இருக்கிறது. அப்படியே விட்டுவிட்டேன்.

ஞாயிறு இரவு மெத்தையை மடித்து வைத்தோம். கட்டிலின் இருபுறமும் விளக்குகள். அலாரத்தை அதிர்வுக்கு மாற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்கு அது அதிர்ந்தபோது அவரும் விழித்துக்கொண்டார். “சாரி,” என்றேன். அவர் பக்கத்து விளக்கு எரிந்தது. எழுந்து போய்ச் சமையலறை விளக்கையும் போட்டுவிட்டு, “தே ஓவா, பால் ஊத்தவா?” என்று கேட்டார்.