மீமிசல் மாமாவும் ஒத்தைச் செருப்பும்

இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி. ஆபீஸ்ல ஆளாளுக்கு கூர்க், கொடைக்கானல்னு ரூம் தேடிட்டு இருக்காங்க. எனக்கு மே மாசம்னாலே மீமிசல்தான். எங்கடா இருக்கு அதுன்னு கேக்கறவங்களுக்கு: புதுக்கோட்டை மாவட்டத்தோட தென்கோடி, கிழக்குக் கடற்கரைச் சாலையில கோட்டைப்பட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவுல வர்ற ஊரு. அங்கதான் அத்தை வீடு. சரி, கொசுவத்தியைச் சுத்திடலாம்.

2018 மே. திருச்சியில மூணாவது வருஷப் பரீட்சை முடிஞ்ச மறுநாளே நாலு பேர் கிளம்பிட்டோம். ஹாஸ்டல் வழக்கப்படி எல்லாருக்கும் ஊர்ப்பேருதான் பேரு. சென்னை, கரூர், திண்டுக்கல், அப்புறம் அடியேன். சென்னைக்காரன் மட்டும் புது செருப்பு, கூலிங் கிளாஸ்னு சினிமா ஷூட்டிங் போற மாதிரி வந்தான். "மச்சி, அலை செமையா இருக்கும்ல?"ன்னு புதுக்கோட்டை தாண்டுறதுக்குள்ள மூணு தடவை கேட்டுட்டான். நானும் "ம்ம்" கொட்டி வச்சேன்.

அறந்தாங்கியில பஸ் மாறி, வழியில ஆவுடையார்கோவில்ல இறங்கினோம். அங்க கொடுங்கைன்னு கல்லுலயே கூரை. மரச்சட்டம், அதுல அடிச்ச ஆணி எல்லாமே கல்லுல செதுக்கினது. (வாழ்க்கை பூரா ஆணிதான்னு அன்னைக்கே சாமி சொல்லியிருக்கார், நாங்கதான் கவனிக்கல.) கருவறையில லிங்கம் கிடையாது, வெறும் ஆவுடைதான். நைவேத்தியம் புழுங்கலரிசிச் சோறு, அதோட ஆவிதான் சாமிக்குன்னு சொன்னதும் திண்டுக்கல், "ஆவி சாமிக்குன்னா சோறு யாருக்கு மாப்ள?"ன்னான். பசி அவனுக்கு.

மாமாவைப் பத்தி சொல்லணும். உப்பளத்துல முப்பது வருஷத்துக்கு மேல வேலை. விடியறதுக்கு முன்னாடியே டிவிஎஸ் 50 சத்தம் கேட்கும், வெயில் ஏறினதும் திரும்பிடுவார். மே மாசம் உப்பு நல்லா விளையற நேரம். பாத்தி பூரா வெள்ளையா தகதகன்னு இருக்கும். அஞ்சு நிமிஷம் பாத்ததுக்கே எங்களுக்குக் கண்ணு கூசுச்சு. மனுஷன் முப்பது வருஷமா அதைப் பாத்துட்டு இருந்திருக்கார்.

எங்களுக்கு அவர் போட்ட சட்டம் ஒண்ணே ஒண்ணு. "கடலுக்குள்ள இறங்குறதுன்னா என்கிட்ட சொல்லிட்டுப் போங்க அப்பு. அலை இல்லேன்னு ஏமாந்துறாதீக."

சென்னை கடலைப் பாத்ததும் கூலிங் கிளாஸைக் கழட்டினான். "டேய், இது கடலா ஏரியா?"

அவன் மேல தப்பில்ல. எதிர்ல இலங்கை இருக்கறதால தெக்கேருந்து வர்ற பெரிய அலை இங்க வந்து சேர்றதில்ல. பாக் நீரிணையில ஆழமும் பெரும்பாலும் 15 மீட்டருக்குள்ளதான். தடைக்காலம் வேற. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. நாட்டுப்படகு ஒண்ணு ரெண்டு தெரிஞ்சதோட சரி. தண்ணிக்கடியில பச்சையா கடல்புல். அதை மேய ஆவுளியா வரும்னு மாமா சொன்னப்போ, கடல்ல பசுவான்னு சென்னை சிரிச்சான். 2022 செப்டம்பர்ல தஞ்சாவூர், புதுக்கோட்டை கடல்ல 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசு காப்பகமா அரசு அறிவிச்சப்போ, அந்தச் செய்தியைத் தேடி அனுப்பி பழி தீர்த்துக்கிட்டேன்.

மூணாம் நாள் சாயங்காலம் நுங்கு வாங்கப் போறோம்னு அத்தைகிட்ட புளுகிட்டு கடலுக்குப் போனோம். போன், சட்டை எல்லாம் கரையில. இடுப்பளவு தண்ணி யார் முதல்ல பாக்கறதுன்னு பந்தயம். நடக்கறோம், நடக்கறோம், முழங்காலைத் தாண்ட மாட்டேங்குது. சலிச்சுப் போய், குறுக்கு வழின்னு வேற பக்கமா கரை ஏறினோம். அங்கதான் சேறு. சென்னை தொடை வரைக்கும் இறங்கிட்டான். இழுக்கப் போன கரூரும் காலி. காலை அசைக்க அசைக்க உள்ள போகுது. சிரிச்சுட்டு இருந்தவங்க எப்போ நிறுத்தினோம்னு ஞாபகம் இல்ல. பொழுது வேற சாஞ்சிட்டிருக்கு.

அப்பத்தான் டிவிஎஸ் 50 சத்தம். மாமா!

கரையில நின்னுக்கிட்டு, "எங்கடா நிக்கிறீங்க?"ன்னு கத்தறார். அம்பது அடி கூட இருக்காது. முழுசா இருட்டவும் இல்ல. எங்களுக்கு அவர் சட்டைப் பட்டன் தெரியுது. அவருக்கு நாலு தடிப்பயலுக தெரியல. கழுத்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பித் திருப்பித் தேடறார்.

"கத்துங்கடா! சத்தத்தை நிறுத்தாதீக!"

என்ன கத்தறதுன்னு தெரியாம திண்டுக்கல் எங்க மெஸ் மெனுவை ஆரம்பிச்சான். திங்கள் இட்லி, செவ்வாய் பொங்கல்... அந்தச் சத்தத்தைப் பிடிச்சு, பனைமட்டையைப் போட்டுப் போட்டு அது மேலயே நடந்து வந்தார். "நிக்காதீக, மல்லாக்கப் படுங்க. காலை மெல்ல ஆட்டி ஆட்டி உருவுங்க." வியாழன் சப்பாத்தி வரும்போது சென்னை வெளிய வந்துட்டான். ஒரு கால் செருப்பு மட்டும் சேத்துக்கே சொந்தமாயிடுச்சு.

வீட்ல அத்தை கேக்கறதுக்குள்ள, "நான்தான் உப்பளம் காட்டக் கூட்டிட்டுப் போனேன்"னுட்டார். ராத்திரி திண்ணையில என்னை மட்டும் கூப்பிட்டார்.

"அப்பு, நீங்க கடலுக்குப் போனதை நான் சொல்லல. எனக்குக் கண்ணு மங்குறதை நீ சொல்லாத. உங்க அத்தைக்குத் தெரிஞ்சா வண்டிச் சாவியைப் பிடுங்கிருவா."

நல்ல டீலா தெரிஞ்சது. தலையாட்டிட்டேன்.

அந்த நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல். ஊருக்கு போனே போகல. அஞ்சாம் நாள் அத்தை குரலைக் கேட்டப்புறம்தான் உசுரு வந்தது. 2019 பொங்கலுக்குப் போனப்போ கொல்லையில சாஞ்ச மரம் இன்னும் வெட்டாம கிடந்தது. பட்டப்பகல்ல மாமா அது மேல தடுக்கி விழுந்தார். எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கல, ஆனா வாயைத் திறக்கவும் இல்ல. கேம்பஸ்ல வேலை கிடைச்ச சந்தோஷத்துல இருந்தேன், சுருக்கமா சொன்னா மறந்துட்டேன்.

2021ல ஒரு ஆட்டு மேல வண்டியை விட்டதுக்கு அப்புறம்தான் மதுரைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. இடது கண்ணுல புரை, ஆபரேஷன் பண்ணி சரியாயிடுச்சு. வலது கண்ணுல கண் நீர் அழுத்தம். அது வலிக்காதாம். பக்கவாட்டுப் பார்வையிலருந்து மெல்ல மெல்லத் தின்னுமாம். முன்னாடியே வந்திருந்தா சொட்டு மருந்துல நிறுத்தி வச்சிருக்கலாம், போன பார்வை இனிமே வராதுன்னுட்டாங்க. அப்பா போன்ல சொல்லச் சொல்ல, எனக்கு அவர் கழுத்தைத் திருப்பித் திருப்பித் தேடினதுதான் கண்ணு முன்னாடி நின்னுச்சு.

போன மே மாசம் நாலு பேரும் திரும்பப் போனோம். சென்னை ஞாபகமா மாமாவுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிட்டு வந்திருந்தான். யாரும் இல்லாத நேரமா பாத்து, "அன்னைக்கே சொல்லியிருக்கணும் மாமா"ன்னேன். "வாக்குக் குடுத்தியே அப்பு, எப்படிச் சொல்லுவ?"ன்னார். திட்டியிருந்தா பரவால்லன்னு இருந்துச்சு.

மத்தியானம் நண்டுக்குழம்பு ஊத்திட்டே அத்தை, "வீட்டுக்கு இத்தனை பேரு வந்து போறீக, அன்னைக்கே ஒருத்தராச்சும் கவனிச்சிருந்தா இவருக்கு ஒரு கண்ணு போயிருக்காது"ன்னாங்க. எனக்குத் தலை நிமிரல. நண்டுக்கால் ஒண்ணை ரொம்ப நேரமா கடிச்சிட்டிருந்தேன்.

மாமாதான் பேச்சை மாத்தினார். ஓரமா கிடந்த புது செருப்பை நல்ல கண்ணால பாத்து, "ஏண்டா சென்னை, போனது ஒரு காலுக்குத்தானே? எதுக்கு ரெண்டா வாங்கியாந்த?"