இரண்டு சென்டிமீட்டர் மேடு

ஜப்பானின் ஒகாயாமாவுக்கு வருகிறவர்கள் கொராகுயென் தோட்டத்துக்கும் கருநிறக் கோட்டைக்கும் போவார்கள். நான் தேடிப் போனது பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே உள்ள ஒரு நாற்சந்தியை. வண்டிகள் ஓயாமல் போகிற சாதாரணச் சாலைதான். ஓரமாக ஒரு நினைவுக்கல். காலால் தொட்டறிந்து நடப்பதற்கான கற்களை உலகிலேயே முதன்முறையாகப் பதித்தது இங்கேதான். 1967 மார்ச் 18 அன்று, 230 கற்கள்.

அவற்றை உருவாக்கிய மியாகே செய்இச்சி விடுதி நடத்தியவர். பார்வை மங்கிவந்த நண்பருக்காக யோசிக்கத் தொடங்கி, 1965இல் வழி கண்டார். சொந்தப் பணத்தையும் அதில் போட்டார். சென்னை மெட்ரோவில் நாம் மிதித்துப் போகும் மஞ்சள் டைல்ஸுக்கு மூலம் அவர்தான்.

மெல்லிய செருப்போடு அந்தக் கற்கள்மேல் நடந்து பார்த்தேன். நீளக் கோடுகள் பாதத்தில் பட்டால் அந்தத் திசையிலேயே போகலாம். புள்ளிகள் பட்டால் நிற்க வேண்டும். முன்னால் சாலையோ படிக்கட்டோ திருப்பமோ இருக்கிறது. எந்தத் திசையில் சாலையைக் கடக்கலாம் என்பதைச் சிக்னல் ஒலியால் சொல்கிறது: ஒரு திசைக்குக் குக்கூப் பறவையின் குரல், மற்றதற்குக் கோழிக்குஞ்சின் கீச்சொலி.

என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது நடைபாதை சாலையில் இறங்கும் இடம். சரிவாக இறக்கிவிட்டு, விளிம்பில் மட்டும் 2 சென்டிமீட்டர் மேடு விட்டிருந்தார்கள். வேலையை அரைகுறையாக விட்டதுபோல் தோன்றும். ஆனால் அந்நாட்டில் அதுதான் பொது அளவு. சக்கர நாற்காலிக்கு மேடே ஆகாது. வெள்ளைக் கோலோடு வருகிறவருக்கோ மேடு தட்டுப்படாவிட்டால் நடைபாதை முடிந்தது தெரியாது. வண்டிகளுக்கு நடுவே போய்விடுவார். இரு தரப்பையும் கேட்டு, கோலுக்குத் தட்டுப்படவும் சக்கரம் ஏறவும் தோதாக எட்டிய உடன்பாடு அந்த 2 சென்டிமீட்டர். எல்லோருக்கும் அதில் நிறைவு இல்லை; விளிம்பில் வரிப்பள்ளம் வெட்டிப் பார்க்கும் நகரங்களும் உண்டு. நகரத் திட்டம் என்பது இவ்வளவு நுணுக்கமாக இறங்கி வருவதை நான் வேறெங்கும் கண்டதில்லை. சரிவுப்பாதை ஒன்று கட்டித் திறப்பு விழா நடத்துவதோடு முடிகிற வேலையல்ல இது.

ரயில் நடைமேடையிலும் அதே அக்கறை. புள்ளிக்கற்கள் இருந்தும், தண்டவாளம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் விழுந்தவர்கள் இருந்தார்கள். ஆகவே புள்ளிகளுக்கு உட்புறமாக ஒற்றைக் கோடு ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். கோடு இருக்கும் பக்கம் நின்றால் பத்திரம்.