யார் சொல்வதை நம்புவது?

“கொழுப்பெடுத்தவ கதை.” இப்படிச் சொன்னவர் படிக்காதவர் இல்லை, முற்போக்கு மேடைகளில் பேசுகிறவர். சூசன்னா கேய்ஸனின் ‘கேர்ள், இன்டரப்டட்’ நூலை ரெண்டே வார்த்தையில் தீர்த்துக் கட்டிவிட்டார். பணக்கார வீட்டுப் பொண்ணு, காசு கட்டி ஆஸ்பத்திரியில கெடந்துச்சு, அதையும் புத்தகமாப் போட்டு வித்துச்சு, நமக்கென்ன வந்தது என்றார்.

கேய்ஸன் வசதியான வீட்டுப் பெண்தான். யார் இல்லையென்றது? 1967இல், பதினெட்டு வயதில், அமெரிக்காவின் மெக்லீன் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு என்று எழுதினார்கள். தன்னைப் பற்றிய ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் பார்க்கவே பல வருஷம் கழித்து வக்கீல் வைக்க வேண்டியிருந்தது. 1993இல் வந்த நூலில் அந்தக் காகிதங்களையும் சேர்த்தே அச்சிட்டிருக்கிறார். அனுப்பிவைத்த டாக்டர் மூன்று மணி நேரம் பேசினேன் என்கிறார். இவர் இருபது நிமிஷம் என்கிறார். யாரை நம்புகிறாய் என்று நம்மிடமே கேட்டுவிடுகிறார். இன்னோரிடத்தில், பலரோடு உறவு வைப்பது நோயின் அடையாளம் என்றால், ஒரு பையன் எத்தனை பெண்களோடு போனால் அவனுக்கு இந்தப் பட்டம் கிடைக்கும் என்கிறார். இதையெல்லாம் கொழுப்பு என்று தள்ளிவிட முடியுமா?

பெயரே ஒரு மாதிரியானதுதான். இந்தப் பக்கமும் சேராத, அந்தப் பக்கமும் சேராத நோயாளிகளை ‘எல்லைக்கோட்டில் நிற்பவர்கள்’ என்று 1938இல் எழுதினார் அடால்ஃப் ஸ்டெர்ன். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அது ஏறியது. கைவிட்டுவிடுவார்களோ என்ற தீராத பயம், நொடிக்கு நொடி மாறும் மனசு, அடங்காத கோபம், தன்னையே காயப்படுத்திக்கொள்வது. வாசகர்கள் இதை ஒரே சொல்லில் மொழிபெயர்த்துவிடுகிறார்கள்: நடிப்பு.

ரேச்சல் ரைலாண்ட் என்ற புனைபெயரில் ஒரு தாய் எழுதிய ‘கெட் மீ அவுட் ஆஃப் ஹியர்’ 2004இல் வந்தது. அதைப் படித்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பாவம் அந்தப் புருஷன், பாவம் புள்ளைங்க என்பார்கள். எழுதியவளைப் பாவம் என்று சொல்ல ஏனோ வாய் வருவதில்லை. ஆனால் மார்ஷா லினஹான் என்றால் கைதட்டல். டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்ற சிகிச்சையை உருவாக்கிய பேராசிரியை அவர். பதினேழு வயதில் தான் அடைபட்டிருந்த அதே ஆஸ்பத்திரியில் நின்று, 2011இல் தன் கதையைச் சொன்னார். 2020இல் நூலாகவும் எழுதினார். தைரியசாலி என்றார்கள். தைரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் பட்டமும் பதவியும் வாங்கி, குணமாகி வந்த பிறகு சொன்னால்தான் காது கொடுப்போம் என்றால், இன்னும் உள்ளே கிடப்பவள் யாரிடம் போய்ச் சொல்வாள்? (1992இல் ‘கருக்கு’ வந்தபோது, சொன்னதை விட்டுவிட்டு இது நாவலா சுயசரிதையா என்று மல்லுக்கட்டியவர்களும் இருந்தார்கள்.)

எனக்கு இதில் சொந்தக் கணக்கு உண்டு. என் சின்னம்மா மகளுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே பெயரை எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து நிமிஷம்கூடப் பேசவில்லை. வீட்டில் யாருக்கும் அந்த வார்த்தை வாயில் நுழையவில்லை. “திமிரு” என்பது சுலபமாக நுழைந்தது. கையில் தழும்போடு வந்தவளைப் பார்த்து, “எங்களப் பயமுறுத்தத்தானே செஞ்சே?” என்று கேட்டார்கள்.

கேய்ஸன் புத்தகத்தை அகராதியை வைத்துக்கொண்டு அவளே படித்தாள். மேடைப் பேச்சாளர் சொன்னதைச் சொன்னேன். சிரித்தாள்.

“அவ பொய் சொல்றாளான்னுதான் எல்லாரும் பாக்கறாங்கக்கா. வலிச்சுச்சான்னு யாரும் கேக்கல. ஆனா எனக்கும் அவமேல கடுப்புதான். ரெண்டு வருசம் படுக்க எடம் இருந்துச்சுல்ல அவளுக்கு?”

பேச்சாளர் சொன்ன அதே வசதிதான். இவள் வாயில் வரும்போது அதற்கு வேற அர்த்தம்.

இப்போது ரைலாண்ட் புத்தகம் ஓடுகிறது. புருஷன் வரும் பக்கங்களைத் தாண்டித் தாண்டிப் படிக்கிறாள். ராத்திரி அவள் தூங்கிய பிறகு நான் எடுத்துப் படிப்பது அந்தப் பக்கங்களைத்தான்.